வெயில் குளிக்க ஒரு பனியன்

எங்கள் ஊரில் வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. சாக்கடைக்கும் சந்தைக்கும் தகரக் கூரைக்கும் தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் கேட்காமலே கிடைக்கும். ஆனால் அந்த வெயில் என் முதுகில் படவேண்டும் என்று நான் கேட்டபோது அதற்கு ஒரு செயற்குழு கூடியது. தீர்மானம் போட்டது. கட்டிங் மாஸ்டரை அழைத்து அளவு சொன்னது. படித்த, வசதியான, மேடையில் பேசத் தெரிந்த ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைச் செய்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. ஊரை ஒட்டிய மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா நெசவாளி. தறிக்குழிக்குள் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்து நாள் முழுக்க நெய்வார். அவர் மேலே துணியில்லாமல் இருந்ததை யாரும் தத்துவம் என்று சொன்னதில்லை. எங்கள் முதலாளி மேலே துணியில்லாமல் இருந்தால் மட்டும் அது தத்துவம்.

முதலாளிதான் ஊரில் இயற்கை வாழ்வு மன்றத்தின் தலைவர். பகலெல்லாம் பனியன் தைத்து நாடெங்கும் அனுப்புவார். காலையில் தன் வீட்டு மொட்டைமாடியில் கோவணம் கட்டிக்கொண்டு மன்றத்து ஆட்களோடு வரிசையாகப் படுத்து வெயில் காய்வார். பனியனில் வந்த லாபத்தில்தான் பனியனுக்கு எதிரான சொற்பொழிவு நடந்தது. இதில் ஏதும் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. அவருடைய சொற்பொழிவுகளை நான்தான் டைப் அடிப்பேன். "உடம்பு வெட்கப்படவில்லை, ஊர்தான் அதன் சார்பில் வெட்கப்படுகிறது" என்று ஒன்றில் எழுதியிருந்தார். "ஆடை என்பது உடம்பின் மேல் நாம் கொண்ட சந்தேகம்" என்று இன்னொன்றில். நல்ல வாக்கியங்கள்தான். மோசமாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நன்றாக எழுதியிருந்ததால்தான் நம்பினேன்.

அந்த வருடத்துக் கோடையில் என் முதுகில் படை வந்தது. முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. பிறகு முதுகு முழுக்க, முழங்கை, தொடை என்று பரவியது. சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். அம்மா பார்த்ததும் முதலில் செய்த காரியம், வாசல் கதவைச் சாத்தியது.

"யாருகிட்டயும் காட்டிப்போடாத கண்ணு. பெரிய வியாதின்னு சொல்லிப்போடுவாங்க."

அடுத்த வாரமே முழுக்கை ரவிக்கை தைத்து வந்தது. பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்தேன். வியர்வை பட்டுப் படை எரியும். படித்த பெண் எவ்வளவு அடக்கமாக உடுத்துகிறாள் பார் என்று கம்பெனியில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் மெச்சியது என் வியாதியை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர் சொன்னார். தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை, முழுக்கவும் போகாது, வரும் போகும் என்றார். தார் கலந்த மருந்து ஒன்று கொடுத்தார்.

"இதைப் பூசிவிட்டு, காலை வெயிலில் முதுகைக் காட்டி அரை மணி நேரம் படுங்கள். வெயில்தான் இதற்குப் பெரிய மருந்து. உங்கள் ஊரில் அதற்கென்ன குறைச்சல்?" என்றார்.

அவர் ஆண். அதனால் அப்படிக் கேட்டார்.

எங்கே படுப்பது? எங்கள் வீடு ஒரு வரிசை வீட்டில் நடுவீடு. முன்னால் தெரு, பின்னால் எல்லோருக்கும் பொதுவான முற்றம். குளிக்கும் இடம் தென்னந்தடுக்கு வைத்து மறைத்தது. உச்சி வேளையில் மட்டும் அதற்குள் ஒரு கை அகலம் வெயில் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையகல வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வெளியே பக்கத்து வீட்டு அக்கா குடத்தைத் தட்டினாள்.

"ஏனம்மிணி, உள்ள தூங்கிட்டீங்களா? தண்ணி உளுகற சத்தமே காணம்!"

ஊரில் எத்தனை வயல்வெளி, எத்தனை ஆற்றங்கரை. ஆண்கள் கோவணத்தோடு ஏர் ஓட்டினார்கள், கிணற்றடியில் குளித்தார்கள், சாயத்தொட்டியில் இறங்கினார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் முதுகு ஒரு சாண் வெளியே தெரிந்தால் போதும், அன்று மாலைக்குள் அது எங்கள் வீட்டு மானமாகிவிடும். முதுகில் மானம் இருக்கிறது என்று நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அப்போதுதான் நான் டைப் அடித்த வாக்கியங்கள் நினைவுக்கு வந்தன. முதலாளியின் அறைக்குப் போய் நேராகவே கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் காலையில் மன்றத்து மாடியைப் பெண்களுக்கு விடவேண்டும், எனக்கு டாக்டர் வெயில் சொல்லியிருக்கிறார் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்தே நின்றார்.

"இதுக்குத்தானம்மிணி இத்தன வருசமாக் கத்தீட்டிருக்கறன்! படிச்ச பொண்ணு ஒருத்தி வந்து கேக்கோணும்னு காத்திருந்தனுங்க. செயற்குழுவைக் கூட்டிப் போடறன்."

செயற்குழு கூடியது. உள்ளறையில் அவர்கள்; முன்னறையில் டைப்ரைட்டருக்கு முன்னால் நான். நடுவில் கதவு திறந்தே கிடந்தது. டைப் அடிக்கும் பெண்ணுக்குக் காது இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"பொம்பளைங்க மாடியேறிப் படுத்தா அக்கம்பக்கம் என்னங்க பேசும்?" என்றார் ஓர் உறுப்பினர்.

"நாம படுக்கறமே, என்ன பேசுனாங்க?" என்றார் முதலாளி.

"நாம ஆம்பளைங்க."

"அது செரி."

இத்தனை வருடப் பேச்சும் அந்த 'அது செரி'யில் முடிந்தது. பிறகு மன்றத்தின் செயலாளர் பேசினார். ஓய்வுபெற்ற வாத்தியார், பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். இயற்கை எல்லோருக்கும் பொதுதான், ஆனால் ஆணுக்கு இயற்கை வேறு, பெண்ணுக்கு இயற்கை வேறு என்று விளக்கினார். பெண்ணுக்கு வெட்கமே இயற்கை என்றார். அந்த வெட்கத்தைக் கழற்றச் சொன்னால் அது இயற்கைக்கு விரோதம். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

"அப்ப வெயில் படோணும், ஆனாத் தெரியக்கூடாது," என்று முதலாளி யோசித்தார். திடீரென்று மேசையைத் தட்டும் சத்தம். "அட, நாம பனியன் கம்பெனியல்ல வெச்சிருக்கறம்!"

இப்படித்தான் சூரியக் குளியல் பனியன் பிறந்தது. ஆடையில்லாமல் இருப்பதற்கென்று ஓர் ஆடையை இந்த ஊர் மனிதர்களைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

முதல் மாதிரியை ஓட்டைத் துணியில் தைத்தார்கள். ஆண்களுக்குக் கோடையில் விற்போமே, வலை போல இருக்கும், அந்தத் துணி. செயலாளர் அதற்குள் கையை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் விரல்கள் ஐந்தும் தெரிந்ததும் பாம்பைத் தொட்டவர் போல உதறினார். உடனே உள்ளுக்கு ஒரு கெட்டித்துணி கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். வெயில் நுழைய ஓட்டை. ஓட்டையை அடைக்க உள்துணி. கழுத்து மேலே மேலே ஏறியது. கை முழங்கைக்கு இறங்கியது. நீளம் முழங்காலுக்குக் கீழே வந்தது.

கட்டிங் மாஸ்டர் என் மேசைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கழுத்து எவ்வளவு எறக்கம் வெக்கறதுன்னு கேட்டனம்மிணி. எறக்கமே வேண்டாங்கறாரு செயலாளரு. தலை எப்புடி உள்ள போகும்னு கேட்டேன். அதை நீ யோசிங்கறாரு. வெயில் குளிக்கறதுக்குன்னு பனியன் நான் எங்கீம் பாத்ததில்லீங்க!"

முதல் பனியனை முதலாளி காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடி எனக்கு. மாடிப்படிக்குக் கீழே செயலாளர் காவல் இருப்பார். யாரும் வந்துவிடக்கூடாதல்லவா. அவர் மட்டும் இருக்கலாம்.

போனேன். போகாமல் இருந்திருந்தால் அவர்கள் கொடுத்தார்கள், அவள்தான் வரவில்லை என்று பேச்சாகியிருக்கும். பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். இரண்டு துணி தடிமன் என் முதுகின் மேல் ஈரச்சாக்குப் போல ஒட்டிக்கொண்டது. தார் மருந்து உருகிப் பனியனில் ஊறியது. கீழேயிருந்து தொண்டைச் செருமல். அதன் பிறகு குரல்:

"அம்மிணி, பனியன் போட்டிருக்கறீங்கல்ல?"

"போட்டிருக்கறனுங்க."

செய்தித்தாள் புரளும் ஓசை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்:

"கழட்டீரலையே?"

என் முதுகைப் பற்றி அந்த மனிதருக்கு இருந்த அக்கறை எனக்கே இல்லை. வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றினால் படை முன்னைவிடச் சிவந்திருந்தது. அந்தப் பனியனை அடுப்புத் துடைக்கக் கொடுத்தேன். அதற்கும் உதவவில்லை, தார் ஒட்டியது.

அதற்கடுத்த வாரம் சலவைப் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது. கம்பெனித் துணியெல்லாம் ஆற்றோரத்துப் பட்டறையில் வெளுத்து, அதை அடுத்த தரிசுக் காட்டில் காயப்போடுவார்கள். பின்னல் மெஷினிலிருந்து வரும் துணி தைக்காத நீளக் குழாயாக இருக்கும். ஆண்கள் தொட்டியிலிருந்து பிழிந்து சுமந்து வந்து போடுவார்கள். பெண்கள் அதைக் கம்பம் நட்டுக் கட்டிய கயிறுகளில் தொங்கவிடுவார்கள். வரிசைக்குப் பின் வரிசையாக வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல் துணி, கீழே தரைவரை துணி.

துணி எப்போது காயும் என்று கேட்டுவிட்டு வரத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். நின்ற இடத்தில் முதுகு அரிப்புத் தாளாமல் யாருமில்லை என்று நினைத்துக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டேன்.

"என்னம்மிணி, எருமையாட்டம் கம்பத்துல ஒரசறீங்க?"

கேட்டவள் காயப்போடும் பெண்களுக்குத் தலைவியான ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று போயிருப்பேன். எனக்கு அன்று எரிச்சல் தலைக்கு மேல் இருந்தது. டாக்டர், மாடி, பனியன், காவல் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அக்கா பனியன் கதையைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆட்டுக்குச் சட்ட போட்டு மழைல நிறுத்துன மாதரல்ல இருக்குது! உள்ள வா."

இரண்டு துணி வரிசைக்கு நடுவே என்னைக் கூட்டிப்போனாள். உள்ளே ஆறேழு பெண்கள். எல்லோரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். சிலர் பாவாடையோடு, சிலர் அதுவும் இல்லாமல், சிலர் உட்கார்ந்து, சிலர் மல்லாந்து. அவர்களுடைய சேலைகள் மேலே கயிற்றில் கம்பெனித் துணியோடு காய்ந்துகொண்டிருந்தன.

இதில் ரகசியமும் இல்லை, கொள்கையும் இல்லை. பிழிந்த துணியைத் தோளில் வாங்கித் தொங்கவிட்டால் கட்டியிருக்கும் சேலை பிளீச்சிங் தண்ணீரில் ஊறிப்போகும். ஊறிய சேலையோடு உட்கார்ந்தால் இடுப்பு புண்ணாகும். மாற்றுச் சேலை கொண்டுவந்தால் அதுவும் வீணாகும். ஆகவே சேலையைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, அது காயும்வரை வெயிலில் இருப்பார்கள். எத்தனையோ காலமாக அப்படித்தான். தொட்டியில் வேலை செய்யும் ஆண்களுக்கும் தெரியும். அடுத்த துணியைக் கொண்டுவரும்போது தூரத்திலேயே நின்று, "துணி காஞ்சுதுங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். "இன்னும் ஈரம்!" என்று உள்ளிருந்து பதில் போனால் அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மன்றத்துச் செயலாளரை அவர்களிடம் பாடம் படிக்க அனுப்பியிருக்கலாம். அனுப்பினாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

நான் ரவிக்கையைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டேன். கழற்றியதும் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி நடிக்கும் நாகரிகம் அவர்களுக்குக் கிடையாது.

"அடியாத்தா, மீன் செதிலாட்டமல்ல இருக்குது!"

"தொத்துமாங்க அது?"

"தொத்தாது. டாக்டர் சொல்லியிருக்கறாரு," என்றேன் விறைப்பாக.

"தொத்துனாத்தான் என்ன?" என்றாள் ஒருத்தி. "பிளீச்சிங்ல ஊறி ஊறி நம்ம தோலுல ஒட்டறதுக்கு என்ன மிச்சம் இருக்குது? படு புள்ள, வெயிலு போகுது."

படுத்தேன். முதுகில் வெயில் விழுந்தது. அந்த நிமிடத்தைப் பற்றி அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை. சுட்டது, அரிப்பு அடங்கியது. அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் கம்பெனிக்குப் போகும் வழியில் தினமும் அந்தக் காட்டுக்குப் போனேன். முதல் இரண்டு நாள் நானும் அவர்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். படித்தவள் என்றால் பார்வை திருந்திவிடாது. ஒருத்தியின் வயிறு மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஒருத்திக்கு ஆபரேஷனில் ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். அந்த இடம் தட்டையாக, தையல் தழும்போடு இருந்தது. அடுப்பில் விழுந்த தழும்பு ஒருத்திக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை. எல்லோருடைய பாதமும் வெளுத்து வெடித்திருந்தது. நான் அதுவரை உடம்பு என்று பார்த்ததெல்லாம் காலண்டரில் அச்சடித்த அம்மன்களும் சோப்பு விளம்பரத்துப் பெண்களும்தான். அந்த உடம்புகளில் தையலே கிடையாது. அவற்றை வைத்துக்கொண்டு என் முதுகை அளந்து நான் அழுதிருக்கிறேன். இதைவிட முட்டாள்தனம் வேறு இருக்க முடியுமா?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குப் பார்த்துச் சலித்துப்போனது. அவர்களுக்கும் என் செதில் சலித்துப்போனது. அரிசி விலையைப் பேசினார்கள், மருமகளைத் திட்டினார்கள், நோம்பிக்கு யார் வீட்டுக்கு ஒறம்பரையாக உறவுக்காரர்கள் அதிகம் வந்தார்கள் என்று சண்டை போட்டார்கள். ஓட்டைப்பல் தெரியச் சிரிப்பதும், தொடையைச் சொறிவதும், ஒருத்தி பேச்சில் இன்னொருத்தி புகுவதுமாக இருந்தது. அங்கே உடம்பு ஒரு விஷயமாகவே இல்லை. முதலாளியின் சொற்பொழிவில் உடம்பு கோயிலாக வரும், வீணையாக வரும், மலராக வரும். வருடக்கணக்காக அந்த மாடியில் படுத்தும் அவருக்கு உடம்பு சலிக்கவில்லை. சலித்திருந்தால் அதைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கமாட்டார். கோயிலும் வீணையும் இல்லாமல், கை, கால், முதுகு என்று அதை விட்டுவிடுவதுதான் கடினம் போலிருக்கிறது.

ஐப்பசிக்குள் முதுகு ஏறக்குறைய ஆறிவிட்டது. சிவப்பு மங்கி, செதில் உதிர்ந்து, தோல் கறுத்தது. அம்மா மகமாயிக்கு நன்றி சொன்னாள். முதலாளி பனியனுக்கு நன்றி சொன்னார்.

"பாத்தீங்களாம்மிணி! ஒரே பனியன்ல குணமாயிருச்சு. மன்றத்து ஆண்டு விழாவுல நீங்க பேசோணும். காதர்பேட்டை ஏவாரிகளையும் கூப்பிட்டிருக்கறன். அவங்க முன்னால சொல்லுங்க. இதை ஊரெல்லாம் கொண்டுபோகலாம்."

இதுதான் எனக்கு வந்த இக்கட்டு. பொய் சொன்னால் அந்த இரட்டைத்துணியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஊர்ப்பெண்கள் வேகவேண்டும், என் பெயரால். உண்மை முழுதும் சொன்னால் காட்டில் மறுநாளே காவல் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்கள் ஈரச்சேலையோடு உட்காரவேண்டும், எனக்கும் வெயில் போய்விடும். சொல்லாமல் நின்றால் வேலை போகும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ரண்டு வார்த்த நல்லதாச் சொல்லிப்போட்டு எறங்கீரு கண்ணு. உன்ற சம்பளத்துலதான் ஊடு நடக்குது."

ஆண்டு விழா முதலாளி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நடந்தது. முன்னால் வியாபாரிகள், நடுவில் மன்றத்தார், கடைசியில் பெண்கள். முதலாளி கைத்தறி வேட்டியும் வெற்று மார்புமாக மேடையில் நின்று என்னை அழைத்தார். சூரியக் குளியல் பனியனால் குணமடைந்த முதல் பெண்மணி என்றார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"மன்றம் கொடுத்த பனியனை ஒரு காலை நேரம் போட்டேன். அதற்குள் வெயில் வரவில்லை. மழைக்கு வேண்டுமானால் உதவும். என் முதுகை ஆற்றியது டாக்டர் கொடுத்த மருந்தும் வெயிலும். பனியனுக்கு அதில் பங்கில்லை."

முன்வரிசையில் ஒரு வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். செயலாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அப்பறம் எங்க பட்டுது வெயிலு உங்களுக்கு? அதைச் சொல்லுங்க!"

"முதுகுல," என்றேன்.

பின்வரிசையில் பெண்களின் சிரிப்பு கொட்டகையின் தகரத்தில் மோதியது. நான் இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை முதலாளி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அன்று சட்டை போட்டிருந்தார். கோபம் வந்தால் அவருக்கும் சட்டை வேண்டும் போலிருக்கிறது.

"எந்த எடத்துல கெடந்தீங்கன்னு சொன்னாத்தான் இனி இந்த டைப்ரைட்டர்ல கை வெக்கலாம்."

"சொல்லமாட்டனுங்க."

"ஒரு பொண்ணு துணியில்லாம எங்கியோ கெடந்திருக்கறா. என்ற கம்பெனிப் பேரு என்னத்துக்காகறது?"

"நீங்க எழுதினதைத்தானுங்க செஞ்சேன். நான்தான் டைப் அடிச்சேன், ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்குது."

மேஜை டிராயரைத் திறந்து என் குடையையும் டிபன் டப்பாவையும் எடுத்து வைக்கத் தொடங்கினேன். அப்போது கம்பெனியை ஒட்டிய அவர் வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்து அவருடைய மனைவி வந்தார். மடத்துக்குளத்துப் பக்கம் பெரிய தோட்டக்காரர் மகள். கம்பெனிப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. மன்றத்துக்கு மோர் அனுப்புவது மட்டும் அவர் வேலை.

"எதுக்குங்க அந்தப் புள்ளையப் போட்டு மெரட்டறீங்க?"

"உனக்குத் தெரியாது. இவ எங்கியோ துணியில்லாமக் கெடந்திருக்கறா."

"நீங்க தெனமும் மாடில கெடக்கறீங்க."

"அது தத்துவம்!"

"அப்பச் செரி. அந்தத் தத்துவம் எனக்கும் கொஞ்சம் வேணும். செவ்வாயும் வெள்ளியும் மாடிச் சாவி என்றகிட்ட இருக்கட்டும். நீங்க தோட்டத்துல போய்ப் படுத்துக்குங்க."

"செயற்குழுவுல வெச்சுத்தான்..."

"ஊடு எங்கப்பன் எனக்கு எழுதிக் குடுத்தது. செயற்குழு குடுத்ததில்லீங்க."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "டப்பாவ உள்ள வையம்மிணி," என்றார்.

அவருக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று வெள்ளிக்கிழமை அவரோடு மாடிக்குப் போனபோது தெரிந்தது. கடைசிப் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்ததாம். தொப்புளுக்குக் கீழே தடித்த தழும்பு, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியது போல. அதை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை என்றார். வெற்று மார்போடு உடம்பின் பெருமையை ஊருக்குச் சொல்லும் கணவருக்கு முன்னால் அவர் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சேலை மாற்றுவாராம். மாடிச்சுவர் ஓரம் உட்கார்ந்து அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

காட்டுப் பெண்களையும் கூப்பிடலாமா என்று அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் பட்டறை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கையை ஆட்டினாள்.

"அந்தம்மா மாடிக்கு நாங்க ஏறுனா எறங்கறப்பப் பாத்தரங் கழுவிக் குடுத்துட்டுப் போன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு இங்கியே வெயில் இருக்குது. நீ போ."

அவள் சொன்னதில் தப்பில்லை. மாடி பெண்களுக்கு என்று நான் பெரிதாக நினைத்தேன். அது வீட்டுக்கார அம்மாவுக்கும் எனக்கும், பிறகு மெல்லச் சேர்ந்த நான்கைந்து பேருக்கும்தான்.

தை மாதக் கூட்டத்துக்கு முதலாளி புதுச் சொற்பொழிவு ஒன்றை எழுதிக்கொடுத்தார். "நமது மன்றம் பெண் குலத்துக்கு வெயிலை வழங்கிய நாள் பொன்னாள்" என்று தொடங்கியது. வழங்கினார்களாம். சூரியன் இவர்கள் கம்பெனிச் சரக்கு. ஒரு பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை அவர் படித்தபோது கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். செயலாளர்தான் பலமாகத் தட்டினார்.

அதே மாதம், பனியின்போது, படை திரும்ப வந்தது. முழங்கையில் இரண்டு வட்டம், முதுகில் கொஞ்சம். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததுதான். அந்தச் சமயம் ஒரு கல்கத்தா வியாபாரி சரக்குப் பார்க்க வரவிருந்தார். முதலாளி என் முழங்கையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, கொணமாயிருச்சுன்னு மேடைலயே சொல்லிப்போட்டம். இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த முழுக்கை ரவிக்கையப் போட்டுட்டு வாங்க."

"அது இல்லீங்க. வெட்டி அரைக்கையாத் தச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுமேங்க."

அவர் என் முழங்கையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கல்கத்தாக்காரர் வந்தார். தேநீர் குடித்தார். நான் கடிதத்தை நீட்டியபோது முழங்கையைப் பார்த்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு விலை கேட்டார். ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாடிக்குப் போனபோது வீட்டுக்கார அம்மா முன்பே வந்து படுத்திருந்தார். வயிற்றில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் பாயை விரிக்க நின்ற இடத்திலிருந்து கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"சித்தெ அக்கட்டால தள்ளிப் படு அம்மிணி. உன்ற நெழலு என்ற மேல உளுகுது."